பாலக்கோட்டு வீட்டுக்கு எந்த கேம் பெட்டி?

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரிய மகன் பிளஸ் டூ, சின்னவன் நாலாம் வகுப்பு. பொதுத்தேர்வு முடிந்ததும் வீடியோ கேம் வாங்கித் தருவதாக இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் 43 இன்ச் டிவி, கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபர் லைன். ஒதுக்கிய பணம் 60 ஆயிரம். ஓசூரில் இருக்கும் அக்கா மகன், "எக்ஸ்பாக்ஸ்தான் மாமா பவர்" என்கிறான். பெரியவனின் கூட்டாளிகள் பிளேஸ்டேஷன் என்கிறார்கள். மண்டியில் கணக்கு எழுதும் தம்பி, "அடுத்தது வரப்போகுதுண்ணா, பொறுங்க" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் அவர் கேள்வி.

அண்ணா, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் போடுகிற பிளேஸ்டேஷன் 5 வாங்குங்கள். டிஸ்க் இல்லாத மாடல் விலை குறைவு என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினாலும் வேண்டாம். அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 60 ஆயிரம் கொஞ்சம் பற்றாது, அந்தக் கணக்கையும் சொல்கிறேன்.

உங்கள் மருமகன் சொல்வதில் பொய் இல்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் என்கிற கறுப்புப் பெட்டியின் கிராஃபிக்ஸ் சிப் 12 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு 12 லட்சம் கோடி கணக்குப் போடும். பிளேஸ்டேஷன் 5 போடுவது 10.28. காகிதத்தில் எக்ஸ்பாக்ஸ் முன்னால் நிற்கிறது. ஆனால் அவன் வீட்டில் இருப்பது எது என்று ஒருமுறை கேளுங்கள். சின்ன வெள்ளைப் பெட்டியாக இருந்தால் அது சீரிஸ் எஸ். அதன் கணக்கு 4 டெராஃப்ளாப்தான், மெமரியும் மற்ற இரண்டில் 16 ஜிபி இருக்க, அதில் 10 ஜிபி. எக்ஸ்பாக்ஸ் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு தரத்துப் பெட்டிகளை விற்கிறார்கள் என்பது வாங்கப் போகும் பலருக்குத் தெரிவதில்லை.

சரி, 12-க்கும் 10.28-க்கும் இருக்கும் வித்தியாசம் உங்கள் கூடத்தில் தெரியுமா? தெரியாது. ஒரே கேமை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். படத்தை நிறுத்திவைத்து, மூக்கு டிவியில் இடிக்கிற தூரத்தில் பார்த்தால்தான் ஏதோ ஒரு நிழலில் மாற்றம் தெரிகிறது. அதோடு, இந்தப் பெட்டிகள் நொடிக்கு 120 படம் வரை அனுப்பக்கூடியவை. 43 இன்ச்சில் சாதாரணமாக விற்கும் டிவிகள் நொடிக்கு 60 படம்தான் காட்டும். பெட்டி எவ்வளவு அனுப்பினாலும் அந்த டிவியில் 60-க்கு மேல் வராது. நல்ல காட்சிக்காக நீங்கள் செய்ய வேண்டியது பைசா செலவில்லாத ஒன்று. டிவி செட்டிங்ஸில் 'கேம் மோட்' என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். படத்தை மெருகேற்ற டிவி செய்யும் வேலைகள் குறைந்து, பட்டனை அழுத்தியதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவிலுள்ள தாமதம் குறையும்.

சக்தியை ஒதுக்கிவைத்தால் மிச்சம் இருப்பதுதான் என் பார்வையில் பெரிய விஷயம். உங்கள் மகனைச் சுற்றி இருப்பவர்கள் கையில் என்ன டிஸ்க் இருக்கிறது?

நான் 2007-இல் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன கேம் சென்டர் வைத்தேன். மூன்று டிவி, மூன்று பிளேஸ்டேஷன் 2. ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். சனிக்கிழமை ஆனால் பென்னாகரம், காரிமங்கலம் பக்கமிருந்தெல்லாம் பையன்கள் பஸ் ஏறி வருவார்கள். அடுத்த தலைமுறைப் பெட்டிகள் வந்தபோது, நானும் படம் தெளிவாக இருக்கிறது, சக்தி அதிகம் என்று வேறொரு கம்பெனியின் பெட்டியைப் பெங்களூரில் வாங்கி வந்து நடு டிவியில் மாட்டினேன். முதல் வாரம் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இரண்டாவது வாரம் பழைய டிவிகளுக்கே போய்விட்டார்கள். அவர்களுக்குக் கையில் பிடித்து ஆடிப் பழகிய கன்ட்ரோலர் அங்கே இருந்தது, கிரிக்கெட் 07 கேம் அங்கே இருந்தது, யார் வீட்டிலாவது இருக்கும் டிஸ்க்கைக் கொண்டுவந்து போட அதுதான் தோதாக இருந்தது. புதிய பெட்டிக்கு நான் வாங்கிய இரண்டு டிஸ்க்கைத் தவிர இந்த ஊரில் மூன்றாவது டிஸ்க் கிடையாது. இந்த மாவட்டத்தில் கேம் பெட்டி எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இப்போது கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கன்ட்ரோலர் பழுதுக்கு வருபவர்களைப் பார்க்கிறேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் கையில் பிளேஸ்டேஷன்தான்.

அது ஏன் இப்படி ஆனது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 இந்தியாவுக்கு 2014 ஜனவரியில் வந்தது. அதற்குப் போட்டியாக வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், 2013 நவம்பரிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டாலும், இங்கே வந்துசேர 2014 செப்டம்பர் ஆகிவிட்டது. அந்த எட்டு மாதத்தில் ஒரு தெருவில் முதல் ஆள் எதை வாங்கினானோ அதையே இரண்டாவது ஆளும் வாங்கினான், டிஸ்க் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக. இன்னொன்றும் நடந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்த 2013-இல், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டி இன்டர்நெட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், டிஸ்க்கை அடுத்தவருக்குக் கொடுப்பதில் கட்டுப்பாடு இருக்கும் என்று எக்ஸ்பாக்ஸைச் செய்யும் மைக்ரோசாஃப்ட் சொன்னது. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து, அந்த ஜூன் மாதத்திலேயே அதைக் கைவிட்டார்கள். அதே வாரங்களில் பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி ஒரு குட்டி வீடியோ போட்டது. பிளேஸ்டேஷனில் கேமை நண்பனோடு பகிர்வது எப்படி என்று தலைப்பு. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான் வீடியோ. விளம்பரம்தான் என்றாலும், நம் ஊர்ப் பையன்கள் எப்படி விளையாடுகிறார்களோ அது அப்படியே அதில் இருந்தது.

இதை ரூபாயில் பார்ப்போம். பிளேஸ்டேஷன் 5-இன் மெலிந்த மாடல் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் உள்ளது 54,990, டிஸ்க் இல்லாதது 44,990. பெரிய கேம் ஒன்றின் புது டிஸ்க் நாலாயிரத்திலிருந்து ஐந்தாயிரம். விளையாடி முடித்து ஒரு மாதத்தில் விற்றால் பாதிக்கு மேல் கைக்கு வரும். மாற்றிக்கொண்டால் செலவே இல்லை. டிஸ்க் இல்லாத பெட்டியில் ஒவ்வொரு கேமையும் கம்பெனியின் ஆன்லைன் கடையில் மட்டுமே வாங்க முடியும். அங்கே வாங்கியதை விற்க முடியாது, கடன் கொடுக்க முடியாது. நாலைந்து கேம் வாங்கி முடிப்பதற்குள் நீங்கள் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு கேமுக்கும் நஷ்டம்தான். இதற்குத் தனி டிஸ்க் டிரைவ் ஒன்றை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். மாட்ட முடியும் என்பது உண்மை. அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டும், முதல்முறை மாட்டும்போது இன்டர்நெட் இணைப்பும் வேண்டும். முதலிலேயே சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

இன்டர்நெட் பக்கம் இன்னொரு விஷயம். இன்றைய பெரிய கேம்களில் 100 ஜிபி என்பது சாதாரணம். உங்கள் லைனில் நிஜமாக 40 எம்பிபிஎஸ் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். 100 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம். சாயங்காலம் தெருவே ஃபோன் பார்க்கும் நேரத்தில் லைன் பாதியாகும்போது, ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும். டிஸ்க்கிலும் கேமைப் பெட்டிக்குள் ஏற்றத்தான் வேண்டும், அப்டேட்டும் இறங்கும். ஆனாலும் பெரும்பாலான கேம்களில் அந்தப் பெரும் சுமையை டிஸ்க்கே கொடுத்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு எக்ஸ்பாக்ஸுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஓசூரில் நல்ல ஃபைபர் உள்ள அபார்ட்மென்டில் இருக்கும் உங்கள் மருமகனுக்குச் சீரிஸ் எஸ் சரியான தேர்வாக இருந்திருக்கலாம். 2020 நவம்பரில் வந்தபோது அதன் விலை 34,990, சீரிஸ் எக்ஸுக்கு 49,990. கேம் பாஸ் என்று மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்கள் திறக்கும். தனித்தனியாக வாங்காமல் மாதம் நாலு கேம் தொட்டுப் பார்க்கிற பையனுக்கு அது விருந்து. பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரைப் புதியதிலும் பயன்படுத்தலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த குணம். பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரை வைத்து பிளேஸ்டேஷன் 5 கேம் ஆட முடியாது.

ஆனால் அந்தச் சந்தா நிலையாக இல்லை. 2025 அக்டோபரில் அதன் உச்சத் திட்டத்தை அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து ஒரேயடியாக 29.99 ஆக்கினார்கள், இங்கேயும் ஏற்றினார்கள். கட்டுவதை நிறுத்தினால் கேம்களும் போய்விடும். அதைவிடப் பெரிய மாற்றம், எக்ஸ்பாக்ஸில் மட்டும் என்று இருந்த கேம்களை மைக்ரோசாஃப்ட் இப்போது பிளேஸ்டேஷனுக்கும் கொடுக்கிறது. ஃபோர்ஸா ஹொரைசன் 5 கார் பந்தயம் 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தது. கியர்ஸ் ஆஃப் வார் முதல் பாகத்தின் புதுப்பித்த வடிவம் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. எக்ஸ்பாக்ஸின் முகமாகவே இருந்த ஹேலோவும் வரப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கேம் இந்தப் பக்கம் வருகிறது, பிளேஸ்டேஷனுக்கென்று சோனி செய்த ஸ்பைடர்மேனும் காட் ஆஃப் வாரும் எக்ஸ்பாக்ஸுக்குப் போகவில்லை. இந்த நிலையில் புதிதாக ஒருவர் எக்ஸ்பாக்ஸ் பெட்டியை வாங்கக் காரணம் குறைந்துகொண்டே போகிறது. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் கடைகளில் அந்தப் பெட்டியை நான் கண்ணால் பார்ப்பதும் அரிதாகிவிட்டது.

நின்டெண்டோ ஸ்விட்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நாலாம் வகுப்புப் பையன் இருக்கும் வீட்டுக்கு அதைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. குழந்தைகளுக்கான கேம்களில் நின்டெண்டோவை மிஞ்ச ஆளில்லை. 2025 ஜூன் 5-ஆம் தேதி வந்த ஸ்விட்ச் 2-ஐ டிவியிலும் மாட்டலாம், கையிலும் எடுத்துக்கொண்டு போகலாம். தடங்கல் என்னவென்றால் நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கிடைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. பழுதானால் இங்கே கம்பெனி வாரன்டி கிடையாது. ஆன்லைன் கடைக்கு வேறு நாட்டுக் கணக்கு தொடங்க வேண்டும். ஜப்பானில் வேலை செய்யும் சொந்தக்காரர் யாராவது குறைந்த விலைக்கு வாங்கி வருகிறேன் என்றால் கவனம். அந்த மலிவு மாடல் ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும், ஜப்பான் கணக்கை மட்டுமே ஏற்கும். கெட்டியான சொந்தம் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து, பழுது பார்க்கும் தொல்லையும் உங்களுக்குப் பரவாயில்லை என்றால் சின்னவனுக்காக வாங்கலாம். முதல் பெட்டியாக வேண்டாம்.

அடுத்தது, பொறுத்திருக்கும் கேள்வி. உங்கள் கணக்குத் தம்பி சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. பிளேஸ்டேஷன்கள் ஜப்பானிலோ அமெரிக்காவிலோ முதலில் வந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 1994, 2000, 2006, 2013, 2020. ஆறு, ஆறு, ஏழு, ஏழு. அடுத்தது நெருங்குகிறது என்று யாரும் ஊகிக்கலாம். மைக்ரோசாஃப்ட், சோனி இரண்டுமே ஏஎம்டி என்கிற சிப் கம்பெனியோடு சேர்ந்து அடுத்ததற்கான சிப் வேலையில் இருப்பதாக வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. ஆனால் வந்த அன்றே நம் கைக்கு வராது. பிளேஸ்டேஷன் 5 உலகச் சந்தைக்கு வந்தது 2020 நவம்பர், இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2. முன்பதிவு திறந்து சில நிமிடத்தில் தீர்ந்தது. அதற்கப்புறம் பல மாதம் கள்ள விலைதான். பிளேஸ்டேஷன் 5 புரோ என்று 2024 நவம்பரில் ஒன்று வந்தது. அதை இந்தியாவில் அப்போது விற்கவே இல்லை. அதிலுள்ள வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லாததுதான் காரணம் என்று சோனி சொன்னது. புதிய பெட்டி வந்தாலும் பழையதற்குக் கேம் உடனே நின்றுவிடாது. பிளேஸ்டேஷன் 5 வந்து இரண்டு வருடம் கழித்து, 2022 நவம்பரில் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக், பிளேஸ்டேஷன் 4-க்கும் சேர்த்தே வெளியானது.

விலை குறையட்டும் என்று காத்திருந்ததும் ஒரு காலம். பிளேஸ்டேஷன் 2, அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்து, 2002-இல் 199 ஆகி, 2009-இல் 99 ஆனது. இந்தத் தலைமுறையில் அது தலைகீழாகிவிட்டது. பிளேஸ்டேஷன் 5 அங்கே 499-இல் தொடங்கி 2025 ஆகஸ்டில் 549.99 ஆனது. சீரிஸ் எக்ஸ் 499-இல் தொடங்கி, 2025 மே மாதம் 599.99, அக்டோபரில் 649.99. இங்கேயும் 49,990-ஆக வந்ததுதான் 54,990 ஆனது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் சில ஆயிரம் தள்ளுபடி கிடைப்பதுண்டு, அதற்காகச் சில வாரம் பொறுக்கலாம். வருடக்கணக்கில் பொறுக்க வேண்டாம். பெரியவன் ஜிடிஏ 6-க்காகத்தான் துடிக்கிறான் என்று நினைக்கிறேன். அதை 2026 நவம்பர் 19 அன்று வெளியிடுவதாக அதைச் செய்யும் ராக்ஸ்டார் கம்பெனி அறிவித்திருக்கிறது, பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். அது வயது வந்தவர்களுக்கான கேம். சின்னவன் கூடத்தில் இருக்கும்போது ஓட வேண்டாம் என்பதை இப்போதே பேசிவைத்துவிடுங்கள்.

இப்போது அந்த 60 ஆயிரம். 2024 ஏப்ரல் விலையில் பெட்டி 54,990. அதில் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் வரும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கன்ட்ரோலர் என்றால் முதல் நாளே சண்டை. இன்னொன்று ஆறாயிரத்தை ஒட்டி. யுபிஎஸ் நாலைந்தாயிரம். முதலில் போட ஒரு கேம். ஆக 69 ஆயிரத்திலிருந்து 71 ஆயிரம். எட்டாது என்றால் கன்ட்ரோலரை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள், யுபிஎஸ்ஸைத் தள்ள வேண்டாம். கேமையும் தள்ளலாம். ஆஸ்ட்ரோவின் பிளேரூம் என்று ஒன்று பெட்டிக்குள்ளேயே இலவசமாக இருக்கும். சின்ன ரோபோ ஓடிக் குதிக்கிற அருமையான கேம். மழை பெய்தால் துளி விழுவது கன்ட்ரோலர் வழியாக உள்ளங்கையில் தெரியும். சின்னவன் அதிலேயே இரண்டு வாரம் இருப்பான்.

யுபிஎஸ்ஸை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் கடைக்கு வரும் கேஸ்களில் கரண்ட் சம்பந்தப்பட்டதுதான் மனசைக் கஷ்டப்படுத்தும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்துவது முன்கூட்டியே தெரியும். காற்றுமழையில் திடீரென்று போய், அரை நிமிடத்தில் வந்து, மறுபடி போவதுதான் ஆபத்து. பெட்டி தன் எஸ்எஸ்டியில், அதாவது கேமைச் சேமித்துவைக்கும் இடத்தில், எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், அடுத்த முறை ஆன் செய்யும்போது சரியாக அணைக்கவில்லை என்று சொல்லிச் சோதித்துக்கொள்ளும். பெரும்பாலும் தப்பித்துவிடும். சேவ் கோப்பு கெட்டு, நாற்பது மணி நேர விளையாட்டு போன பையனை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பெட்டி கேம் ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும், 43 இன்ச் டிவி நூறு வாட்டுக்குள். கம்ப்யூட்டருக்கு விற்கும் 600 விஏ யுபிஎஸ் அதற்கு மிகவும் நெருக்கடி, 1 கேவிஏ, அதாவது 1000 விஏ வாங்குங்கள். சேவ் செய்து அணைக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் தானா என்று பாருங்கள், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இதை ஓட்ட வேண்டாம். ராத்திரி படுக்கும்போது ரெஸ்ட் மோட் என்கிற அரைத் தூக்கத்தில் விடாமல் முழுக்க அணைத்துவிடப் பழக்குங்கள். கரண்ட் பில்லைப் பற்றிப் பயம் தேவையில்லை. தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் பெட்டிக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட் வரும். ஏற்கெனவே 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடு என்றால் மட்டும் கவனியுங்கள், அதைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் கட்டணமும் மாறிவிடும்.

அப்புறம் சூடு. பெட்டி இயங்க வேண்டிய அறை வெப்பம் 35 டிகிரிக்குள் என்று கையேட்டிலேயே இருக்கிறது. சித்திரை மாதம் மதியம் மாடியில் தகரக் கூரை அறையில் அது நடக்காது. கீழ்க் கூடத்தில், ஃபேன் காற்று படும் இடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஸ்டாண்டுக்கு வெளியே வையுங்கள். உங்கள் வீடு மண்டியை ஒட்டி, லாரி போகும் ரோட்டோரம் என்றால் மாதம் ஒருமுறை பெட்டியின் ஓரத் துளைகளில் சேரும் தூசியை வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள்.  ஆனால் உள்ளே திறந்து சுத்தம் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். இதன் சிப்புக்கு மேல் வழக்கமான பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள். அது சூட்டை நன்றாகக் கடத்தும், கரண்டையும் கடத்தும். தெரியாதவர் சிப்பின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் உலோகத்தைத் தூக்கினால் அது போர்டில் வழிந்து பெட்டியே போய்விடும். வெளியூரில் ஒருவரிடம் அப்படித் திறக்கக் கொடுத்து, செத்துப்போன நிலையில் என்னிடம் வந்த இரண்டு பெட்டிகளையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

பழைய பெட்டி வாங்கலாமா என்று நீங்கள் அடுத்து யோசிக்கலாம். டிஸ்க்கைப் பழசில் வாங்குங்கள், பெட்டியைப் புதிதில் வாங்குங்கள். ஒரு வருட வாரன்டி இந்தக் கரண்டில் பெரிய காப்பு.

கடைசியாகப் பிள்ளைகள் பக்கம். பெரியவன் ஜூனில் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ படிக்கப் போய்விடுவான். அப்போது அவனுக்கு லேப்டாப் வேண்டும். அந்தப் பணமும் இதே பையிலிருந்துதான் வர வேண்டும் என்றால், லேப்டாப்பை முதலில் வாங்கிவிட்டு இதைத் தீபாவளிக்குத் தள்ளுங்கள். அவனிடம் நேராகச் சொன்னால் புரிந்துகொள்கிற வயதுதான். இரண்டுக்கும் பணம் இருக்கிறது என்றால் சந்தோஷமாக வாங்குங்கள், ஆனால் இந்தப் பெட்டியோடு அதிக வருடம் இருக்கப்போவது சின்னவன் என்று நினைத்து வாங்குங்கள். அவனுக்கென்று தனிக் குழந்தைக் கணக்குத் தொடங்கி, ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம், இந்த வயதுக்கு மேற்பட்ட கேம் வேண்டாம், செலவு பூஜ்யம் என்று பூட்டி வைக்கலாம். உங்கள் கார்டு எண்ணைப் பெட்டியில் சேமிக்க வேண்டாம். ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் கிஃப்ட் கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூர் மருமகனோடு ஆட முடியாதே என்று பெரியவன் கவலைப்பட்டால், முடியும் என்று சொல்லுங்கள். ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக், இஏ எஃப்சி கால்பந்து எல்லாவற்றிலும் அவன் எக்ஸ்பாக்ஸிலிருந்தும் இவன் பிளேஸ்டேஷனிலிருந்தும் ஒரே ஆட்டத்தில் சேரலாம். முதல் இரண்டும் இலவச கேம், சந்தா கூட வேண்டாம். எஃப்சி போலக் காசு கொடுத்து வாங்கும் கேமை ஆன்லைனில் ஆட, இரண்டு பக்கமும் சந்தா கேட்பார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆட 'இட் டேக்ஸ் டூ' என்று 2021-இல் வந்த ஒன்று இருக்கிறது. தனி ஆளாக ஆடவே முடியாது, திரை இரண்டாகப் பிரிந்து ஒருவருக்கொருவர் உதவினால்தான் அடுத்த இடத்துக்குப் போக முடியும். என் இரண்டு பெண்களும் அதை ஒரு முழுக் கோடை விடுமுறை ஆடினார்கள். பெரியவன் ஊருக்குக் கிளம்பும் முன் இருவரும் சேர்ந்து அதை முடித்துவிட நேரம் இருக்கும். அதன் பழைய டிஸ்க் தேடினால் கிடைக்கும்.

வாங்கப் போகும் நாளில் கடையிலேயே பெட்டியைத் திறந்து, டிவியில் மாட்டி, ஏதாவது ஒரு டிஸ்க்கைப் போட்டு அது படிக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா என்று சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரின் இரண்டு குச்சியையும் விட்டுவிட்டால் திரையில் ஆள் அசையாமல் நிற்க வேண்டும். தானாக நகர்ந்தால் அந்தக் கன்ட்ரோலரை அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.